நிகர்ச்சொல் இல்லாத இடத்தில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

2004ஆம் ஆண்டு ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் பல நாட்டு மொழிபெயர்ப்பாளர்களிடம் கருத்துக் கேட்டு, மொழிபெயர்க்கக் கடினமான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முதலிடம் காங்கோவில் பேசப்படும் சிலுபா மொழியின் 'இலுங்கா'வுக்கு. முதல் தடவை எந்தக் கெடுதல் செய்தாலும் மன்னித்து, இரண்டாம் தடவை பொறுத்துக்கொண்டு, மூன்றாம் தடவை விடவே விடாத மனிதர் என்று அதற்குப் பொருள் தந்திருந்தார்கள். முதல் பத்து இடங்களுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லும் இருந்தது. அன்பா, அறமா, ஊடலா என்று ஊகிக்க வேண்டாம். 'செல்லாதிருப்பவர்'. ஒருவகையான மட்டம் போடுதலாம் அது. இந்தச் சொல்லை வாய்திறந்து சொன்ன தமிழர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இம்மாதிரிப் பட்டியல்களை நான் ரசித்துப் படிப்பேன், நம்பமாட்டேன். 'இலுங்கா'வை மொழிபெயர்ப்பது கடினம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே மொழிபெயர்த்தும் காட்டிவிடுகிறார்கள். ஒரு சொல்லுக்கு ஈடாக ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மையான குறை. அந்தக் குறையும் ஏதோ ஒரு மொழிக்குச் சொந்தமானது அல்ல. இரண்டு மொழிகளுக்கு நடுவில் கிடப்பது. துருக்கியில் 'கெல்மிஷ்' என்றால், ஒருவர் வந்ததைச் சொல்பவர் கண்ணால் பார்க்கவில்லை, கேள்விப்பட்டோ தடயத்தைப் பார்த்து ஊகித்தோ சொல்கிறார் என்று பொருள். அதை ஆங்கிலமாக்க வேண்டியவர் தனியாக ஒரு சொல்லைச் செருகித் தவிப்பார். தமிழுக்கு வந்தால் 'வந்தாராம்' என்று ஓர் 'ஆம்' பாதி வேலையை முடித்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு 'போலிருக்கிறது' இருக்கிறது.

ஆகவே முடியுமா, முடியாதா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, எந்த வழியில் என்பதைப் பார்ப்போம். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்த வினே, டார்பெல்னே இருவரும் 1958இல் மொழிபெயர்ப்பு உத்திகளை ஏழாகப் பிரித்தார்கள். என் மேசைக்கு வருபவை இவை: இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்தும் சொல்லைப் போடலாம், அயற்சொல்லை ஒலியோடு எடுத்துக்கொள்ளலாம், உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்க்கலாம், புதிதாக ஒன்றை ஆக்கலாம், விரித்துச் சொல்லலாம், அடிக்குறிப்புப் போடலாம், பேசாமல் விட்டும் விடலாம். எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்க ஆங்கிலத்தின் 'பிரைவசி'யை எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக என்னைத் தொல்லைப்படுத்தும் சொல் அது.

கிட்டத்தட்டப் பொருந்தும் சொல்

கை முதலில் நீளுவது இதற்குத்தான். ஒரு செயலியின் அனுமதிப் பக்கத்தை முதன்முதலாக மொழிபெயர்த்தபோது 'தனிமைக் கொள்கை' என்று எழுதினேன். சரிபார்த்தவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'இது துறவு பூணப்போகிறவர்களுக்கான பக்கமா?' தனிமை என்பது உடன் ஒருவரும் இல்லாத நிலை. நான்கு பேருக்கு நடுவிலும் ஒருவருக்குப் பிரைவசி இருக்கலாம், யாருமே இல்லாத அறையில் அது பறிபோகவும் செய்யலாம். அடுத்துக் கைக்கு வந்தது 'அந்தரங்கம்'. அதில் மறைக்க வேண்டிய ஏதோ இருக்கிறது என்ற சாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதியைப் பிறருக்குக் கொடுக்க மறுப்பவர் அந்தரங்கம் எதையும் ஒளிக்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது தன் விருப்பம் என்கிறார், அவ்வளவுதான்.

இந்த வழியின் கவர்ச்சி, வாசகர் எங்கும் தடுக்கி விழமாட்டார் என்பது. அதன் ஆபத்தும் அதுவேதான். அயற்சொல்லைப் பார்த்தால் வாசகர் ஒரு நொடி நின்று யோசிப்பார். பழகிய சொல்லைப் பார்த்தால் புரிந்துவிட்டது என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார். தவறு நடந்ததே எவருக்கும் தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

1549இல் ஜப்பானில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் தம் கடவுளைக் குறிக்க 'தைநிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உடன் இருந்த ஜப்பானியரின் யோசனை அது. கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் தைநிச்சி அவர்கள் நன்கு அறிந்த பெயர். மகா வைரோசன புத்தரின் பெயர். புதிய சமயம் ஒன்றைச் சொல்லவந்தவர், பழைய சமயத்தின் ஒரு கிளையைப் போதிப்பவராகக் கேட்டவர்களின் காதில் விழுந்திருக்கிறார். 1551இல் விஷயம் விளங்கியதும் அந்தச் சொல்லைக் கைவிட்டு, லத்தீனின் 'தேயுஸ்' என்பதையே ஒலியோடு வைத்துக்கொண்டார். உடனே எதிர்த்தரப்புத் துறவிகள் அதை ஜப்பானியத்தில் 'பெரும் பொய்' என்று பொருள்படும் 'தைஉசோ'வோடு சேர்த்துக் கேலி செய்தார்கள். இரண்டு வழிகளின் விலையும் ஒரே மனிதரின் இரண்டாண்டுப் பணியில் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் கேலி மலிவான விலை. கேலி செய்பவருக்கு, இது வேறு சரக்கு என்றாவது புரிந்திருக்கிறது.

இதைவிடக் கனமான உதாரணம் நியூசிலாந்தில் 1840 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வைத்தாங்கி ஒப்பந்தம். ஆங்கில வாசகத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் இறையாண்மையை பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரி வாசகத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனத்தாங்கா'. 'கவர்னர்' என்ற ஆங்கிலச் சொல் மாவோரி நாவில் 'காவனா' ஆகி, மாவோரி விகுதி சேர்ந்து உருவான சொல் அது. ஆளுநராக இருக்கும் பொறுப்பு, நிர்வாகம் என்ற அளவில் நிற்பது. அடுத்த பிரிவில் நிலமும் உடைமையும் தலைவர்களிடமே இருக்கும் என்று ஆங்கிலம் உறுதி சொல்ல, மாவோரி வாசகமோ 'ரங்கத்திரத்தாங்கா', அதாவது தலைமைக்குரிய முழு அதிகாரமே அவர்களிடம் இருக்கும் என்கிறது. ஐந்தே ஆண்டுகளுக்கு முன் 1835இல் எழுதப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தில் ஆளும் அதிகாரத்தைக் குறிக்க 'மானா' என்ற ஆழமான மாவோரிச் சொல் பயன்பட்டிருந்தது. மானாவை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை தலைவர்கள் ஒப்பியிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள், மிகப் பெரும்பாலோர் மாவோரி வாசகத்தில். இரண்டு வாசகங்களுக்கும் இடைப்பட்ட வழக்குகளை விசாரிக்க 1975இல் ஒரு தீர்ப்பாயமே அமைக்க வேண்டிவந்தது.

இவ்வளவு திட்டிவிட்டேன் என்பதற்காக இந்த வழியை அடியோடு தள்ளிவிட முடியாது. மருத்துவக் கேள்வித்தாள்களில் இதுவே சிறந்த வழியாக இருப்பதுண்டு. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றால் அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருத்தல். மேற்கத்திய மருத்துவம் மனச்சோர்வு என்று பெயரிடும் நிலைக்கு அது அச்சு அசலான நிகர் அல்ல. ஆனால் 'உங்களுக்கு மனச்சோர்வு உண்டா?' என்று கடன்சொல்லால் கேட்டால் விழிப்பவர், 'குஃபுங்கிசிசா இருக்கிறதா?' என்று கேட்டால் பதில் சொல்கிறார். அங்கே தேவை கருத்தின் துல்லியம் அல்ல, உண்மையான பதில். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இந்தச் சொல்லை அப்படியே ஏற்றுப் பதிவுசெய்திருக்கிறது.

ஒலியோடு கடன் வாங்குவது

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான விதிகளைச் சொன்னவர் ஏழாம் நூற்றாண்டின் யுவான் சுவாங். 645இல் 657 நூல்களோடு சீனா திரும்பி, எஞ்சிய வாழ்நாளெல்லாம் மொழிபெயர்த்தவர். ஐந்து வகைச் சொற்களைப் பெயர்க்காமல் ஒலியாகவே விடவேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை. தாரணி போன்ற மந்திரச் சொற்கள். 'பகவத்' போலப் பல பொருளை ஒன்றாகச் சுமப்பவை. நாவல் மரம் போலச் சீனாவில் இல்லாதவை. முன்னோர் ஏற்கெனவே ஒலியாகவே வழங்கி நிலைபெற்றுவிட்டவை. கடைசி வகைதான் சுவையானது: பெயர்த்தால் மதிப்புக் குறைந்துவிடுபவை. 'பிரக்ஞை'யைச் சாதாரணமாக அறிவு என்று பொருள்படும் சீனச் சொல்லால் சொன்னால் இலேசாகிவிடும் என்றார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் முதல் நான்கு விதிகளில் எனக்குத் திருத்தம் இல்லை. ஐந்தாவதைக் கொஞ்சம் பயத்தோடுதான் பயன்படுத்துவேன். புரியாத சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லாம் நல்ல மரியாதை ஆகிவிடாது.

கடன்சொல் அந்நியமாகவே இருந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை நான்கும் போர்த்துக்கீசியம். இவற்றைத் தமிழில் எழுதக் கூசுபவர் யார்? ஆனால் வாங்கிய சொல் வாங்கிய பொருளோடு இருந்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஆங்கிலத்தில் 'மான்ஷன்' மாளிகை. ஜப்பானியத்தில் அதே சொல் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜெர்மானியர் கைப்பேசியை 'ஹேண்டி' என்கிறார்கள். ஆங்கிலேயரிடம் அப்படிச் சொன்னால் விளங்காது.

'பிரைவசி'யை ஜப்பானியம் ஒலியோடுதான் எடுத்துக்கொண்டது. 1964இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒரு நாவல் பற்றிய வழக்கில் அந்த உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது 'புரைபஷீ' நாடறிந்த சொல்லானது. தமிழில் இதே வழியில் போனால் முதல் இடையூறு எழுத்து. பிரைவசி, ப்ரைவஸி, பிரைவேசி என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள், தேடுபவருக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும். இரண்டாவது இடையூறு இன்னும் அடிப்படையானது: ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டுமே அது பொருள் தருகிறது. அவருக்கு என் மொழிபெயர்ப்பே தேவையில்லை.

உறுப்புக்கு உறுப்பு

வானை உரசும் கட்டடத்தைப் பிரெஞ்சு 'வானம் சுரண்டி' என்று பெயர்த்தது, ஜெர்மன் 'மேகம் பிறாண்டி' என்றது. இரண்டும் நிலைத்தன, ஏனென்றால் படிமம் எந்த மொழியில் போனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. (இங்கே ஒரு சின்ன வேடிக்கை. 'கடன்சொல்' என்பதற்கான ஆங்கிலச் சொல் ஜெர்மனிலிருந்து உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்தது. உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்ப்பதைக் குறிக்கும் 'கால்க்' என்ற ஆங்கிலச் சொல்லோ பிரெஞ்சிலிருந்து வாங்கிய கடன்சொல்.) தமிழில் மென்பொருள் இப்படி வந்ததுதான். பொருள் எப்படி மென்மையாக இருக்கும் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

படிமம் பயணம் செய்யாத இடத்தில் இந்த வழி கவிழும். அலுவலகத்துக்குள் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்பவரை ஆங்கிலம் 'விசில் ஊதுபவர்' என்கிறது. தமிழில் அப்படி எழுதினால் விளையாட்டு நடுவரோ போக்குவரத்துக் காவலரோ நினைவுக்கு வருகிறார். 'விசில் அடிப்பவர்' என்றால் இன்னும் மோசம். ஐரோப்பாவில் இந்த ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு முடிவு எடுத்திருப்பதைப் பார்த்தால் ஒப்பீடு தானாகவே கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1990களில் 'எச்சரிக்கையை எழுப்புபவர்' என்று சொந்தமாக ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். காட்டிக்கொடுப்பவர் என்ற பழைய நாற்றம் அதில் கிடையாது. 2016இல் சட்டமும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. ஜெர்மானியர் பேச்சிலும் பத்திரிகையிலும் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் மட்டும் 'தகவல் தருபவர்' என்ற பொருளுடைய தங்கள் சொல்லை எழுதினார்கள். தெருவுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. இந்த இரட்டை ஏற்பாட்டைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையானதாகவே படுகிறது.

புதிதாக ஆக்குவது

இதில் ஐஸ்லாந்தியரை மிஞ்ச ஆள் இல்லை. தொலைபேசிக்கு, நூல் என்று பொருள்பட்ட வழக்கொழிந்த 'சீமி' என்ற சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். கணினிக்கு, எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து 'டோல்வா' என்றார்கள். எண்களால் குறி சொல்பவள்! இப்படி ஒன்று எனக்குத் தோன்றியிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஆனால் அழகாக ஆக்கியதால் மட்டும் ஒரு சொல் பிழைப்பதில்லை. பரிணாமம் பற்றி எழுதிய ஆங்கில அறிவியலாளர் ஹக்ஸ்லியைச் சீனத்தில் தந்த மொழிபெயர்ப்பாளர் யன் ஃபு, ஒரு பெயரை நிலைநாட்டப் பத்து நாள், ஒரு மாதம் என்று தயங்கி நின்றதாகத் தாமே எழுதினார். அப்படித் தவமிருந்து செவ்வியல் நடையில் அவர் உருவாக்கியவற்றில் பெரும்பாலானவை இன்று அகராதியில்தான் கிடக்கின்றன. பரிணாமம், பொருளியல், சமுதாயம் ஆகியவற்றுக்கு அவர் வைத்த பெயர்களை ஜப்பானிலிருந்து வந்த சொற்கள் ஓரங்கட்டிவிட்டன. தத்துவத்துக்கு ஜப்பானியர் நிஷி அமானே ஆக்கிய சொல் சீனாவிலும் குடியேறியது. யன் ஃபுவின் சொற்கள் தரம் குறைந்தவை அல்ல. பள்ளிப் பாடநூலும் பத்திரிகையும் கையிலெடுத்த சொல் வென்றது, அவ்வளவுதான்.

தமிழில் இணையம் வென்றதற்குக் காரணம் தேடினால், அது குட்டியானது, வேற்றுமை உருபை வாட்டமில்லாமல் ஏற்கிறது, இணையவழி, இணையதளம் என்று கிளை விடுகிறது. தன்னைத் தானே எடுக்கும் படத்துக்குச் சுயமி, தாமி, தற்படம் என்று ஆளுக்கு ஒன்றாக முன்வைத்தோம், செல்ஃபி சிரித்துக்கொண்டே போய்விட்டது. செயலியின் கதை வேறு மாதிரி. கணினிக்குள் கணக்குப் போடும் சில்லுக்கும் அதே பெயர், கைப்பேசியில் நிறுவும் நிரலுக்கும் அதே பெயர். இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது மொழிபெயர்ப்பவர் விழிபிதுங்குகிறார். நான் ஒரு முறை 'அம்பலப்படுத்துநர்' என்று விசில் ஊதுபவருக்குப் பெயர் சூட்டிப் பார்த்தேன். ஓட்டுநர், இயக்குநர் எல்லாம் இருக்கும்போது இது ஏன் கூடாது என்பது என் வாதம். பதிப்பாசிரியர் அதை மூன்று தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார். அவர் செய்தது சரி.

'தனியுரிமை' புதிதாக ஆக்கப்பட்ட சொல்தான். சட்டத்திலும் செயலிகளிலும் இன்று பரவலாகிவிட்டது. அதன் பலம், உரிமை என்பதைப் பெயரிலேயே வைத்திருப்பது. பலவீனமும் அதேதான் என்பது பின்னால் வரும்.

விரித்துச் சொல்வது, குறிப்பு எழுதுவது, விட்டுவிடுவது

ஒரே ஒரு தடவை வரும் சொல்லுக்கு விரிவுதான் என் முதல் தேர்வு. பொறுப்பு என்பதில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் போய் முட்டிக்கொள்கின்றன: ஒரு வேலையைச் செய்யும் கடமை ஒன்று, செய்ததற்கும் செய்யாததற்கும் பிறரிடம் கணக்குச் சொல்லும் கடமை மற்றொன்று. ஒரு கட்டுரையில் ஒரு முறை வந்தால் 'கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்' என்று வினையாக எழுதிவிட்டால் தீர்ந்தது. பெயர்ச்சொல்லை வினையாக அவிழ்ப்பது தமிழின் இயல்புக்கும் ஏற்றது. அறிக்கை முழுவதும் நாற்பது இடத்தில் வந்தால் அவிழ்த்து மாளாது. அப்போது 'பொறுப்புக்கூறல்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மாறாமல் போகவேண்டும். பாதியில் சலித்துப்போய் வேறு சொல்லுக்குத் தாவுவதுதான் பெரிய பிழை. வாசகர் அதை வேறு கருத்து என்று எடுத்துக்கொள்வார்.

அடிக்குறிப்பைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வு நூலில் அது வரம், நாவலில் தோளைத் தட்டும் கை. திரைப்படத்தின் அடியில் ஓடும் வசன வரிகளில் இடமே கிடையாது. லத்தீன் எழுத்து மொழிகளில் வரிக்கு ஏறத்தாழ 42 எழுத்து, இரண்டே வரி என்று அளவு வைத்திருக்கும் தொழிலில் விடுவதும் சுருக்குவதும் அன்றாட வேலை. விட்டதை வேறு வரியில் ஈடுகட்ட முடிந்தால் அது மொழிபெயர்ப்பு, முடியாவிட்டால் இழப்பு.

இங்கே திசையைத் திருப்பி ஒன்றைப் பார்க்க வேண்டும். தமிழிலிருந்து வெளியே போகும் 'ஊடல்'. அதைச் சிணுங்கல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால் தலைவி குழந்தையாகிவிடுகிறாள். காதலர் சண்டை என்றால் உண்மையாகவே சண்டை வந்துவிடுகிறது. ஆனால் குறளில் புலவியும் ஊடலும் எங்கோ ஒரு மூலையில் வந்துபோகும் சொற்கள் அல்ல. 131முதல் 133வரை கடைசி மூன்று அதிகாரங்களும் அவற்றைப் பற்றியவையே. 'உப்பமைந் தற்றால் புலவி' என்று அதன் அளவையே 1302ஆம் குறள் சொல்லிக்கொடுக்கிறது: உப்பைப் போல் அளவாக இருக்க வேண்டும், நீட்டினால் கரிக்கும். முப்பது குறள்கள் ஒரு சொல்லைப் பொறுமையாகக் கற்றுத்தரும்போது மொழிபெயர்ப்பவர் எதற்குப் பதற வேண்டும்? அங்கே ஊடலை ஊடலாகவே விட்டுவிடலாம். நூலே விளக்கிவிடும். இதே சொல் ஒரு சிறுகதையில் ஒரே ஒரு வரியில் வந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அங்கே கண்டிப்பாக விரிவுதான். நான் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள வாசகருக்கு இந்த நூலில் அவகாசம் இருக்கிறதா? இருந்தால் கடனோ புத்தாக்கமோ. இல்லாவிட்டால் விரிவு. கிட்டத்தட்டப் பொருந்தும் சொல்லுக்கு, அது தவறிப்போனால் ஒருவரும் எதையும் இழக்கமாட்டார் என்று தெரிந்த பிறகே போகிறேன்.

சொல் அதிகமாக இருக்கும் தொல்லை

நிகர்ச்சொல் இல்லை என்றால் எப்போதும் நம்மிடம் குறைவு என்று பொருள் இல்லை. மொழிகள் எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதில்தான் வேறுபடுகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு தலைவர் 'வீ' என்று பேசுகிறார். கேட்பவரையும் சேர்த்தா, விலக்கியா? தமிழ் 'நாம்' அல்லது 'நாங்கள்' என்று முடிவு சொல்லச் சொல்கிறது. பப்புவா நியூகினியின் தோக் பிசின் மொழியும் 'யூமி', 'மிபெலா' என்று பிரித்துக் கேட்கும். தலைவர் வேண்டுமென்றேதான் தெளிவில்லாமல் பேசியிருப்பார், அவருக்கு அது வசதி. நமக்கு அந்த வசதி இல்லை. 'கஸின்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் வருபவரைச் சீனத்தில் எழுத எட்டுச் சொற்களில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். தந்தையின் சகோதரர் வழியா மற்ற வழியா, ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று தெரிந்தாக வேண்டும். மூல நூலில் அது எங்குமே சொல்லப்பட்டிருக்காது.

இந்த நிலைமையில் மேலே சொன்ன ஏழு வழிகளும் பயன்படா. ஆசிரியர் உயிரோடிருந்தால் கேட்பது, இல்லாவிட்டால் நூலைக் கடைசி வரை படித்துத் தடயம் தேடுவது, அதுவும் இல்லாவிட்டால் 'உறவினர்' என்று மங்கலாக்குவது, வாக்கியத்தையே மாற்றிக் கட்டி அந்தச் சொல்லைத் தவிர்ப்பது. முதல் அத்தியாயத்தில் 'தம்பி' என்று எழுதி, இருபதாம் அத்தியாயத்தில் அவன்தான் மூத்தவன் என்று தெரிந்து தலையில் கைவைத்தது எனக்கு ஒரு தடவைதான் நடந்தது. அதற்குப் பிறகு முழுதும் படிக்காமல் எதையும் தொடங்குவதில்லை.

இப்போது மேசையில் இருப்பது

பிரைவசிக்கு வருகிறேன். சட்ட ஆவணம் என்றால் 'தனியுரிமை', முதல் பக்கத்தில் வரையறையோடு, கடைசிப் பக்கம் வரை மாறாமல். நாளைக்கு யாராவது அதைத் திருப்பி ஆங்கிலமாக்கினாலும் அதே சொல்லில் போய் நிற்க வேண்டும். செயலி என்றால் தலைப்பில் தனியுரிமை, பொத்தானில் 'யார் பார்க்கலாம்?' என்ற கேள்வி. பொத்தானை அழுத்துபவருக்குக் கருத்தாக்கம் வேண்டாம், என்ன நடக்கும் என்பது தெரிந்தால் போதும்.

நாவல்தான் படுத்துகிறது. இப்போது செய்துகொண்டிருப்பதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அறைக்குள் சட்டென்று நுழைந்த அம்மாவிடம் தனக்குக் கொஞ்சம் பிரைவசி வேண்டும் என்கிறாள். 'எனக்குத் தனியுரிமை வேண்டும்' என்று எழுதினால் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறாள். 'என்னைத் தனியாக விடு' என்றால் ஏதோ துக்கத்தில் இருக்கிறாள். கடைசியில் 'கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா, அம்மா' என்று எழுதினேன், அந்த வயதின் எரிச்சல் அதில் வந்துவிட்டது. இருபது பக்கம் கழித்து அம்மா அதே சொல்லை மகள்மேல் திருப்பி எறிகிறாள், அவளும் அவளுடைய பிரைவசியும் என்று. அதை 'பெரிய கதவு, பெரிய தட்டல்!' என்று ஆக்கினேன், ஓடியது. மூன்றாவது இடத்தில் சிக்கிக்கொண்டேன். மகள் வளர்ந்து சட்டம் படிக்கிறாள், அவள் எழுதும் முதல் கட்டுரையின் தலைப்பாக அதே சொல் வருகிறது. அங்கே தனியுரிமை தவிர வேறு எதுவும் நிற்காது. ஆனால் அம்மாவிடம் கதவைத் தட்டச் சொன்னபோது அவள் கேட்டதும் இதைத்தான் என்பது தமிழ் வாசகருக்கு எட்டாமல் போகிறது. முதல் காட்சியில் அரை வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று பதிப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த மூன்று பக்கங்களிலும் பென்சில் குறி அப்படியே இருக்கிறது.